பெண்ணாடு கண்ட பேகம் ரொக்கேயா

கூடலூருக்கு மேலே, ஏலமலைத் தொடரின் உச்சியில், தமிழகமும் கேரளமும் எல்லை தொடும் இடத்தில் நிற்கிறது மங்கலதேவி என வழங்கும் கண்ணகி கோட்டம். சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் அங்கே மக்கள் ஏறிச் சென்று வழிபட்டு இறங்குகின்றனர். மணம் முடிந்தபோது பன்னிரண்டு வயது நிரம்பியவளாக இளங்கோவடிகளால் காட்டப்பெறும் ஒரு பெண், மதுரையைத் தீக்கு இரையாக்கிவிட்டு, மலையேறி, வேங்கை மரநிழலில் நின்று விண்ணுலகு எய்தினாள் என்னும் கதை, போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் பிள்ளைகள் எழுத்தறியுமுன் செவிவழி அறியும் கதையாகும்.

அதே மதுரையைத் தனியொருத்தியாக ஆண்டவள் என நாட்டுக்கதை போற்றும் மற்றொரு பெண் அல்லி அரசாணி. பெண்களே படையாகவும் பெண்களே அமைச்சராகவும் அமைந்த அவள் நாட்டில் ஆடவர்க்கு இடமில்லை. பெரிய எழுத்துப் புத்தகங்களாகத் திருவிழாக் கடைகளில் விற்று, திண்ணைதோறும் பாடப்பட்ட அந்த மாலையில், அல்லியின் ஆட்சி எவ்வாறு முடிகிறது? மாயத்தால் பாம்பு வடிவு கொண்ட அருச்சுனன், அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். மாயம் ஆணின் பக்கம் நிற்கிறது. உறக்கம் பெண்ணுக்குத் தோல்வியாகிறது.

இக்கதை மரபை முழுமையாகத் தலைகீழாக்கிய ஒரு நூல் 1905ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் உறக்கமே பெண்ணுக்கு விடுதலை. மாயம் பெண்ணின் கையில். அரியணையில் அமர்பவள் பதின்மூன்று வயதுச் சிறுமி. எழுதியவர் வங்கத்து முஸ்லிம் குடும்பமொன்றில் திரைக்குள் வாழ்ந்த இளம்பெண். அதனை அச்சேற்றியதோ நம் சென்னை மாநகர். 'சுல்தானாவின் கனவு' என்னும் அந்நூலையும் அதனைக் கண்ட பேகம் ரொக்கேயா சக்காவத் ஹுசைன் அம்மையாரின் வாழ்வையும் தமிழ்க் கவிஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

திரைக்குள் பிறந்த ஒளி

ரொக்கேயா 1880ஆம் ஆண்டில், இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த பாயிராபந்த் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பெருநிலக்கிழார், அரபும் பாரசீகமும் கற்றவர். ஆண்மக்களைக் கல்கத்தாவின் புனித சவேரியார் கல்லூரிக்கு அனுப்பி ஆங்கிலக் கல்வி பெறச் செய்தார். பெண்மக்களுக்கோ திருக்குர்ஆனைப் பொருளறியாது ஓதும் அளவிலான அரபும், சிறிது உருதுவும் போதுமென்பது அக்குடும்பத்து வழக்கு. மக்கள் பேசும் வங்கமொழியைப் படிப்பதும் எழுதுவதும் உயர்குடிப் பெண்ணுக்கு இழுக்கு என்று கருதப்பட்ட காலம் அது.

ஐந்து வயது முதலே ரொக்கேயா திரைமறைவில் வாழ நேர்ந்தது. ஆடவர் கண்ணில் மட்டுமன்று, அறிமுகமில்லாப் பெண்கள் கண்ணிலும் படலாகாது. ஒருமுறை உறவினர் வீட்டுக்கு வெளியூர்ப் பணிப்பெண்கள் வந்திருந்தபோது, அச்சிறுமி மாடியறையில் நான்கு நாள்கள் ஒளிந்திருக்க நேர்ந்தது. அவ்வப்போது ஒரு சிறுவன் கொண்டுவந்து தருவதை உண்டு, பல வேளை பசியோடு இருந்தாள். இதனைப் பிற்காலத்தில் அவர் கண்ணீரோடு எழுதவில்லை. நகைச்சுவையோடு எழுதினார். அந்நகைச்சுவை படிப்பவர் நெஞ்சைக் கண்ணீரினும் ஆழமாக அறுப்பது.

இருளில் இருவர் அவருக்கு விளக்கேற்றினர். ஒருவர் மூத்த தமையனார் இப்ராகிம் சாபர். இரவில் தந்தையார் உறங்கியபின், மெழுகுவத்தி ஒளியில் தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தார். மற்றொருவர் தமக்கையார் கரீமுன்னிசா. மறைவாக வங்கம் கற்றுக் கவிதையும் எழுதிய அப்பெண், அந்தக் குற்றத்துக்காகவே விரைவில் மணமுடித்து அனுப்பப்பெற்றார். தாம் இழந்ததைத் தங்கையேனும் பெறட்டும் என்று அவர் விரும்பினார். ரொக்கேயா பின்னாளில் தம் நாவலான 'பத்மராக்'கைத் தமையனார்க்கும், 'மோத்திசூர்' இரண்டாம் தொகுதியைத் தமக்கையார்க்கும் படையலாக்கினார். ஓர் எழுத்தாளர் தம் கடனை இதனினும் சுருக்கமாகத் தீர்க்க இயலாது.

பதின்பருவம் முடியுமுன் ரொக்கேயாவுக்குத் திருமணம் நடந்தது. கணவர் சக்காவத் ஹுசைன், பீகாரின் பாகல்பூரில் துணை நீதிபதிப் பதவி வகித்தவர், மனைவியை இழந்தவர், வயதில் மிக மூத்தவர், உருது மொழியினர். இங்கிலாந்து சென்று கற்றுத் திரும்பிய அவர், பெண்கல்வியில் மெய்யாகவே நாட்டம் கொண்டிருந்தார். மனைவியின் படிப்பைத் தடுக்காதது மட்டுமன்றி, எழுதுமாறும் ஊக்கினார். 1902இல் ரொக்கேயாவின் முதற் கட்டுரை வங்க இதழொன்றில் வெளிவந்தது. இல்வாழ்வில் பிறந்த இரு பெண் மகவுகளும் சில மாதங்களிலேயே மறைந்தன. அந்தத் துயரைப் பற்றி அவர் எழுதியது மிகக் குறைவு. பிறர் பெற்ற பெண்மக்கள் அனைவரையும் தம் மக்களாகக் கொண்டு பிற்கால வாழ்வை அமைத்துக்கொண்டதே அத்துயருக்கு அவர் எழுதிய உரை எனலாம்.

மலைகண்ட கண்கள்

1904ஆம் ஆண்டளவில் ரொக்கேயா இமயத்தின் அடிவாரத்துக் குர்சியாங் மலைக்குச் சென்று தங்கியிருந்தார். அப்பயணத்தை ஒரு கட்டுரையாக எழுதி, அதற்குக் கிணற்றுத் தவளை இமயமலையைக் கண்டது என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். கிணற்றுத் தவளை அவரேதான். மேகம் வீட்டுக்குள் நுழைந்து வெளியேறும் அழகை எழுதிய அவர், அதனினும் வியந்தது அம்மலையின் பூட்டியாப் பெண்களை. முதுகில் கற்சுமை ஏற்றிச் செங்குத்தான பாதையில் ஏறுபவர்கள். தம் உழைப்பில் தாம் உண்பவர்கள். ஆணின் கையை எதிர்பாராதவர்கள். சமவெளியில் மென்மை என்னும் பெயரால் பெண்ணைச் செயலற்றவளாக்கிய நாகரிகத்தை அவர் அந்த மலைப்பாதையில் வைத்து எடைபோட்டார்.

போடிமெட்டின் வளைவுகளில் நாள்தோறும் விடியுமுன் ஜீப்புகளில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கச் செல்லும் பெண்களை அறிந்தவர்க்கு இந்தக் காட்சி புதிதன்று. மதுரையிலிருந்து தெய்வத்தை முதுகில் சுமந்து மலையேறியவர் எனத் தம் பெயருக்கே காரணம் கூறும் முதுவர் வாழும் மலை இது. சுமப்பவரின் ஆற்றலைக் கவிதை பாடுவது எளிது. சுமப்பவளுக்குக் கூலியும் எழுத்தும் உரிமையும் வேண்டுமென்று கேட்பது அரிது. ரொக்கேயா இரண்டாவதைச் செய்யத் தலைப்பட்டார். இமயச்சாரல் அவர் கனவிலும் இடம்பெற்றது. 'சுல்தானாவின் கனவு' நூலில், கனவுகாண்பவள் தன்னை அழைத்துச் செல்லும் தோழியைத் தார்ஜிலிங் பூங்காவில் தன்னோடு உலாவிய பெண்ணென எண்ணிக்கொண்டுதான் வெளியே இறங்குகிறாள்.

இரண்டு நாள் தனிமை

சக்காவத் ஹுசைன் அலுவல் காரணமாக இரண்டு நாள் வெளியூர் சென்றிருந்தார். வீட்டில் தனித்திருந்த ரொக்கேயா, பொழுதுபோக்காக ஆங்கிலத்தில் ஏதோ எழுதிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழியன்று. பள்ளி சென்று கற்றதும் அன்று. கணவர் திரும்பி வந்து, அமரவும் மறந்து நின்றபடியே முழுவதையும் படித்து முடித்தார். ஆண்குலத்தின் மீது தொடுக்கப்பட்ட அந்தப் பழிவாங்கலின் கூர்மையை அவர் வெகுவாக வியந்தார். மொழியைத் திருத்தித் தருமாறு பாகல்பூர் ஆணையராயிருந்த ஆங்கிலேயரிடம் அனுப்பினார். திருத்தம் ஏதுமின்றிப் பாராட்டோடு அது திரும்பி வந்தது.

அங்கிருந்து கையெழுத்துப்படி சென்னைக்குப் பயணப்பட்டது. 1901இல் கமலா சத்தியநாதன் அம்மையார் சென்னையில் தொடங்கி நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்னும் ஆங்கில இதழ், பெண்களுக்காகப் பெண் ஒருவர் ஆசிரியராயிருந்து நடத்திய முன்னோடி இதழ்களுள் ஒன்று. சரோஜினி நாயுடுவின் படைப்புகளும் அதில் வெளிவந்தன. அவ்விதழில் 1905இல் 'சுல்தானாவின் கனவு' அச்சேறியது. அதே 1905இல்தான் பாரதியார் ஆசிரியப் பொறுப்பேற்ற 'சக்கரவர்த்தினி' என்னும் தமிழ்ப் பெண்கள் இதழும் சென்னையில் பிறந்தது. சில ஆண்டுகளுக்குப்பின் பாரதியார் 'ஞானரதம்' ஏறிக் கனவுலகங்களைச் சுற்றிவந்தார். ஏறத்தாழ ஒரே காலப்பகுதியில் இரு பெருங்கனவுகள் எழுத்துக் கோக்கப்பட்டன என்பது தமிழர் நினைவில் நிறுத்தத்தக்க செய்தி.

பதின்மூன்று வயது அரசி

கதை எளியது. இந்தியப் பெண்களின் நிலையை எண்ணியபடி சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கும் சுல்தானா கண்ணயர்கிறாள். சாரா என்னும் தோழி வந்து அழைக்க, பட்டப்பகலில் தெருவில் இறங்குகிறாள். முகத்திரையின்றி நடக்க அவள் கூசுகிறாள். எதிர்ப்படும் பெண்கள் அவளைப் பார்த்து நகைக்கின்றனர். அவள் ஆண்களைப்போல் நாணமும் அச்சமும் கொண்டிருக்கிறாள் என்று. ஏனெனில் அந்தப் பெண்ணாட்டில் ஆடவரே வீட்டுக்குள் அடைந்து சமைத்துப் பிள்ளை பேணுகின்றனர். பெண்கள் வெளியே நாடாள்கின்றனர்.

முப்பது ஆண்டுகளுக்குமுன் அந்நாட்டின் அரியணைக்குப் பதின்மூன்று வயதுச் சிறுமி வந்தாள். பெயரளவில் அவள் அரசி. ஆட்சி நடத்தியவர் முதலமைச்சர். ஆயினும் அறிவியலில் பேரார்வம் கொண்ட அவள் பெண்கள் அனைவரும் கல்வி பெறவேண்டும் என ஆணையிட்டாள். இருபத்தொரு வயதுக்குமுன் எப்பெண்ணும் மணம் செய்துகொள்ளலாகாது என்பதும் சட்டமாயிற்று. பெண்களுக்கெனத் தனிப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. ஒன்று, வானில் மிதக்கும் பெரிய பலூனிலிருந்து குழாய்கள் வழியே மழைநீரை வேண்டியவாறு இறக்கிக்கொள்ளும் வழி கண்டது. மற்றொன்று, கதிரவன் வெப்பத்தைத் திரட்டிச் சேமிக்கும் கருவி கண்டது. படைபலம் பெருக்குவதில் முனைந்திருந்த ஆடவர்கள் இவற்றை ஏளனம் செய்தனர்.

பின்னர்ப் போர் மூண்டது. அடைக்கலம் புகுந்தோரைத் திருப்பித்தர அரசி மறுத்ததே அதற்குக் காரணம். ஆண்படை தோற்றுச் சிதறியது. அறிவால் வெல்வோம் என்று முன்வந்த பல்கலைக்கழகத் தலைவி ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்: பெண்கள் களம் செல்லுமுன் ஆண்கள் அனைவரும் வீட்டுக்குள் செல்லவேண்டும். சோர்ந்துபோன ஆடவர் தலைகுனிந்து உள்ளே சென்றனர். இரண்டாயிரம் மாணவியர் சேமித்துவைத்த கதிரவன் ஒளியையும் வெப்பத்தையும் பகைவர்மேல் திருப்பினர். பகைப்படை கண்கூசி ஓடியது. விட்டுச்சென்ற படைக்கலங்கள் அதே வெப்பத்தில் எரிந்தன. உள்ளே சென்ற ஆடவர் வெளியே வரவேயில்லை. களவும் கொலையும் நாட்டைவிட்டு நீங்கின.

கண்ணகியின் தீயை அறிந்த நிலத்தார் இவ்விடத்தில் சற்று நிற்றல் வேண்டும். கண்ணகியின் தீ சினத்தில் பிறந்தது. கணவனை இழந்த ஒரு நாளில் மூண்டு, ஒரு நகரை உண்டு தணிந்தது. முதியோரையும் குழவியரையும் தீண்டாதே என்று அத்தீக்கு வரம்பு கட்டியது அவள் அறம். ரொக்கேயாவின் பெண்கள் ஏந்தியதும் நெருப்பே. ஆனால் அது ஆண்டாண்டாகப் படித்தும் ஆய்ந்தும் சேமித்த நெருப்பு. அடைக்கலம் புகுந்தவரைக் காக்க எழுந்த நெருப்பு. சிலம்பில் பெண்ணின் ஆற்றலுக்குக் கற்பு ஊற்று. இக்கனவில் கல்வி ஊற்று. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து எண்ணிப்பார்க்கும் கவிஞனுக்குப் பாடுபொருள் பல கிடைக்கும்.

இந்நூலில் மந்திரக்கோல் இல்லை, பேய்பூதம் இல்லை. புகையில்லாச் சமையலறை இருக்கிறது. கதிரவன் வெப்பத்தில் சோறு வேகிறது. சிறகு பூட்டிய வானூர்தி மின்னாற்றலால் பறக்கிறது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் குண்டளைப் பள்ளத்தாக்கின் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றுவழியில் அந்தரத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டிகளில் போடிக்கு வந்துகொண்டிருந்தன. அன்றைய மக்களுக்கு அறிவியலே மாயவித்தையாகத் தோன்றியது. ரொக்கேயாவின் தனித்தன்மை, அந்த வித்தையைத் தோட்ட முதலாளியின் கையிலிருந்தும் படைத்தலைவனின் கையிலிருந்தும் வாங்கி, அடுப்படியில் புகை உண்ட பெண்ணின் கையில் கொடுத்தது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோது, கதிரவனைச் சேமிக்கலாம் என ஒரு திரைவீட்டுப் பெண் எழுதி நூறாண்டு கடந்திருந்தது.

கனவின் முடிவில் சுல்தானா வானூர்தியிலிருந்து கால்நழுவி விழுகிறாள். கண்விழித்தால் அதே சாய்வு நாற்காலி. அல்லியின் ஆட்சி அவள் உறங்கியதால் முடிந்தது. பெண்ணாடோ சுல்தானா விழித்ததால் மறைந்தது. விழித்திருக்கும் உலகில் அதைக் கட்டுவது எவ்வாறு என்பதே ரொக்கேயாவின் எஞ்சிய வாழ்வு.

எட்டுச் சிறுமியர்

சக்காவத் ஹுசைன் நீரிழிவு நோயால் பார்வை குன்றி 1909இல் மறைந்தார். பெண்கள் பள்ளி ஒன்று நடத்தவென்று அவர் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கிவைத்திருந்தார். கணவரை இழந்த சில மாதங்களில், அதே ஆண்டு அக்டோபரில், பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் பள்ளி தொடங்கிற்று. குடும்பச் சொத்துத் தகராறினால் அங்கே நிலைக்க இயலாது போகவே, ரொக்கேயா கல்கத்தா வந்து சேர்ந்தார். 1911 மார்ச் 16ஆம் நாள் வாலியுல்லா சந்தில் ஒரு சிறிய வீட்டில், எட்டுச் சிறுமியருடன் சக்காவத் நினைவுப் பெண்கள் பள்ளி மீண்டும் பிறந்தது.

அவர் தம் வாழ்நாளில் ஒருநாளும் பள்ளி மாணவியாக இருந்தவரல்லர். வகுப்பு எவ்வாறு நடக்கும், பாடவேளை எவ்வாறு பிரிக்கப்படும் என்பனவற்றைப் பிற பெண்கள் பள்ளிகளுக்குச் சென்று அமர்ந்து பார்த்தே கற்றார். கற்பிக்க வேண்டிய ஆசிரியைகளுக்கும் அவரே பயிற்சி தந்தார். வீடுவீடாகச் சென்று பெற்றோரிடம் பெண்பிள்ளைகளை அனுப்புமாறு வேண்டினார். திருக்குர்ஆன் ஓதுதலும் ஆங்கிலமும் உருதுவும் பாரசீகமும் மட்டுமன்றி, நோயாளியைப் பேணுதல், முதலுதவி, சமையல், தையல், உடற்பயிற்சி ஆகியனவும் பாடங்களாயின. வங்கமொழிக்காகவே வாழ்ந்த அவர், போதிய மாணவியர் சேராமையால் வங்கமொழி வகுப்பை உரிய காலத்தில் நிலைநிறுத்த முடியாமற்போனதைப் பெருங்குறையாகவே எண்ணினார்.

கனவில் ஆடவரையெல்லாம் வீட்டுக்குள் அடைத்த அப்பெண்மணி, பள்ளியின் பொருட்டுத் தாமே திரையை ஏற்கவேண்டியதாயிற்று. மாணவியரை ஏற்றிவரப் பேருந்து ஒன்று ஏற்பாடு செய்தார். பெற்றோர் ஒப்பவேண்டுமென்பதற்காக அது காற்றுப்புக வழியின்றி நாற்புறமும் அடைக்கப்பட்டது. இருளிலும் புழுக்கத்திலும் சிறுமியர் வாந்தியெடுத்தனர், மயங்கி வீழ்ந்தனர். அடைப்பை நீக்கித் திரைச்சீலை இட்டார். காற்றில் சீலை விலகுகிறது, பெண்மக்கள் மானம் போகிறது என்று மிரட்டல் கடிதங்கள் வந்தன. குழந்தை மூச்சுவிட வேண்டும்; பள்ளியும் மூடப்படலாகாது. இவ்விரண்டுக்குமிடையில் ஒவ்வொரு நாளும் அவர் ஒரு வழி தேடினார்.

இங்கேதான் அவர் வாழ்வின் கடினமான கேள்வி நிற்கிறது. அவர் இளமையில் எழுதிய ஒரு கட்டுரை, நகைகளை அடிமைத்தனத்தின் விலங்கென்றது. பெண்ணைத் தாழ்த்தும் விதிகளுக்குச் சமயநூல்களின் பெயரால் காவல் நிற்போரைக் கேள்வி கேட்டது. இதழில் வெளிவந்தபோது எழுந்த எதிர்ப்புக்குப்பின், அக்கட்டுரை 'மோத்திசூர்' தொகுதியில் சேர்ந்தபோது சில பத்திகள் நீக்கப்பட்டிருந்தன. பொதுவெளியில் அவர் புர்கா அணிந்தே சென்றார். மிதமான மறைவைத் தவறென அவர் கூறவில்லை. மூச்சுத்திணறும் அடைப்பையே சாடினார். துணிவு தளர்ந்தது என்று சிலர் கூறலாம். ஆனால் பள்ளியின் கதவு ஒருநாள் மூடினால், அந்தச் சிறுமியர்க்கு வேறு கதவு இல்லை. எழுத்தாளராக அவர் இழந்த பத்திகளைத் தலைமையாசிரியையாக அவர் பெற்ற வகுப்பறைகளோடு ஒப்பிட்டே கணக்கிடவேண்டும். அந்தக் கணக்கு அவருக்கும் எளிதாக இருந்திருக்க முடியாது.

1916இல் முஸ்லிம் பெண்கள் சங்கமொன்றை நிறுவினார். ஏழை விதவையர்க்குப் பொருளுதவி, சேரிப்பெண்களுக்கு எழுத்தறிவு, வழியற்ற பெண்களுக்கு அடைக்கலம் என அதன் பணி விரிந்தது. கூட்டம் என்றால் என்னவென்றே அறியாத பெண்களை ஓரிடத்தில் அமரச்செய்வதே முதற்பணியாக இருந்தது. 1926இல் வங்கப் பெண்கல்வி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

மாணிக்கமும் மறைவுலகும்

பள்ளிப்பணிக்கிடையே எழுத்தும் தொடர்ந்தது. 'சுல்தானாவின் கனவு' 1908இல் கல்கத்தாவில் தனிநூலாயிற்று. பின்னர் அவரே அதனை வங்கத்தில் ஆக்கி 1922இல் வெளிவந்த 'மோத்திசூர்' இரண்டாம் தொகுதியில் சேர்த்தார். 1924இல் 'பத்மராக்' நாவல் வெளிவந்தது. பத்மராகம் என்பது மாணிக்கம். சித்திகா என்னும் இளநங்கை, கைவிடப்பட்ட நிலையில் தாரிணி பவனம் என்னும் இல்லத்தை அடைகிறாள். இந்துவும் முஸ்லிமும் கிறித்தவரும் பிரம்ம சமாஜத்தாரும் ஆகிய பெண்கள் அங்கே ஒருகூரையின்கீழ்ப் பள்ளியும் தொழிற்கூடமும் மருத்துவமனையும் நடத்துகின்றனர். கணவனுடன் இணைந்து வாழும் வாய்ப்பு இறுதியில் வந்தபோதும் சித்திகா அதனை ஏற்கவில்லை. இல்லறம் ஒன்றே பெண்ணுக்கு இலக்கு என்னும் முடிவைத் தன் வாழ்வால் மறுத்துத் தனிவழி ஏகுகிறாள். பெண்ணாட்டில் வானூர்தியும் கதிரொளியும் செய்ததை, தாரிணி பவனத்தில் தையல் ஊசியும் கரும்பலகையும் செய்கின்றன. கனவு தரைக்கு இறங்கிவிட்டது.

1931இல் வெளிவந்த 'அவரோதவாசினி' திரைக்குள் வாழும் பெண்களைப் பற்றிய 47 மெய்ந்நிகழ்ச்சிகளின் தொகுப்பு. அவற்றுள் ஒன்று, அவர் கணவர்வழி உறவுப் பெண்மணி ஒருவரைப் பற்றியது. புர்கா தடுக்கி இரயில் பாதையில் விழுந்த அவரைத் தூக்கிவிட நிலையத்து ஆடவர்கள் ஓடிவந்தனர். அந்நிய ஆடவர் கைபடலாகாதென்று உடன்வந்த பணிப்பெண் தடுத்தாள். தன்னந்தனியாக அவளால் தூக்கவும் முடியவில்லை. அரைமணி நேரம் காத்திருந்த வண்டி புறப்பட்டது. அந்த அம்மையார் உடல் நசுங்கி, துன்புற்று மாண்டார். இதை எழுதும்போதும் ரொக்கேயா குரலை உயர்த்தவில்லை. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு வைத்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார். சொல்லாமல் விடுதலின் வலிமையைக் கற்க விரும்பும் கவிஞர்க்கு அந்நூல் ஒரு பள்ளி.

அந்நூல் வெளிவருவதற்கு ஈராண்டுக்கு முன்புதான், 1929இல், குழந்தைமணத் தடைச்சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்காக உயர்த்தியது. அதற்கே நாடெங்கும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பதினெட்டாக அது உயர்ந்தது 1978இல். பெண்ணாட்டின் சிறுமி அரசி விதித்த இருபத்தொன்று, அவர் எழுதிய நாளில் எத்துணைத் தொலைவிலிருந்தது என்பதற்கு இந்த ஆண்டுகளே சான்று.

மேசைமேல் இருந்த தாள்

1932 டிசம்பர் 8ஆம் நாள் இரவிலும் ரொக்கேயா வழக்கம்போல் எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள், டிசம்பர் 9, விடியற்பொழுதில் அவர் மறைந்தார். வயது ஐம்பத்திரண்டு. கல்கத்தாவை அடுத்த சோதேப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார். வங்கதேசத்தில் டிசம்பர் 9 ரொக்கேயா நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவர் தொடங்கிய பள்ளி அரசுப் பள்ளியாகக் கல்கத்தாவில் இன்றும் நடைபெறுகிறது. எட்டுச் சிறுமியருடன் தொடங்கி, கடனும் வசையும் தாங்கி, இருபத்தோராண்டு அவர் நடத்திய பள்ளி அது.

நூலின் பயணமும் நிற்கவில்லை. 2023இல் ஸ்பெயின் நாட்டுப் பெண் இயக்குநர் ஒருவர் அதனை அடிப்படையாகக் கொண்டு அசைபடம் எடுத்தார். 2024இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் 'சுல்தானாவின் கனவு' இடம்பெற்றது. உலகின் பல மொழிகளில் இன்று இளம்பெண்களை நாயகியராகக் கொண்ட மாயக்கதைகள் பெருகியுள்ளன. மந்திரம் கற்கும் சிறுமியர், பறக்கும் சிறுமியர், நாடாளும் சிறுமியர் அவற்றில் உலவுகின்றனர். அவர்களுக்கெல்லாம் மூத்த அக்காள் ஒருத்தி, சென்னையில் அச்சான ஓர் இதழின் பக்கங்களில், பதின்மூன்று வயதில் முடிசூடி அமர்ந்திருக்கிறாள்.

மறைந்த அன்று ரொக்கேயாவின் மேசைமேல் முடிவுபெறாத ஒரு கட்டுரை கிடந்தது. அதற்கு அவர் இட்டிருந்த தலைப்பு பெண்ணின் உரிமை என்பதாகும். தலைப்பும் சில வரிகளும் எழுதப்பட்டிருந்தன. எஞ்சிய தாள் வெறுமையாக இருந்தது.